பூஜையில் வைத்த போனுக்கு ஒரு கெடு

டிங்.

கண்ணைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். மேஜையில் கையை மடக்கித் தலையை வைத்து ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். எங்கோ யாரோ ஒருவர் தன் சொந்தக் கம்பெனிக்குள் நுழைய முடியாமல் நிற்கிறார் என்று அதற்கு அர்த்தம். அப்புறம்தான் திரை வெளிச்சமாகும், பெயர் தெரியும், திட்டு வரும். உள்ளே வரவேண்டியவர்களை உள்ளே விடுவதும், வரக்கூடாதவர்களை நிறுத்துவதும் என் தொழில். இரண்டையும் மாற்றிச் செய்யாமல் இருப்பதுதான் சாமர்த்தியம்.

ஆஸ்பத்திரிகளுக்கு ஆபரேஷன் கவுன், படுக்கை விரிப்பு, திரைத்துணி தைத்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. மும்பை செம்பூரில் தலைமை அலுவலகம், மாட்டுங்காவில் கணக்கு ஆபீஸ், பாண்டுப்பில் கோடவுன், தாராவியில் தையல் ரூம். எல்லாருடைய பெயரும் இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு டைரக்டரியில் இருக்கிறது. ஆட்கள் மட்டுமல்ல, அவர்கள் வைத்திருக்கும் லேப்டாப், போன் எல்லாமும் அதில் தனித்தனி ஆசாமிகள். நீங்கள் லாகின் செய்தால் டைரக்டரி இரண்டு கேள்வி கேட்கும். நீ யார்? உன் கையில் இருப்பது யாருடையது? இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் எனக்கு டிங்.

இதை நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. குர்லாவில் பிரௌசிங் சென்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டமில்லாத நேரத்தில் வீடியோ பார்த்து, எதையாவது கெடுத்து, பயந்துபோய்ச் சரிசெய்து கற்றுக்கொண்டது. நைட் ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்காததால் என்னை எடுத்தார்கள். இன்னும் ஆள் கிடைக்கவில்லை, நானும் இன்னும் இருக்கிறேன். ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இங்கே சொல்லப்போவதெல்லாம் ஆயுத பூஜை வந்த மாதத்தில் நடந்தவை. அந்த மாதம் மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு டிவைஸ். அப்படிப் பதியாத டிவைஸ் எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானாக அடைபடும். மற்ற இடங்களில் இது வெறும் எரிச்சல். தாராவி தையல் ரூமில் மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே போன். அது அடைபட்டால் அவர்கள் தைத்த கணக்கு உள்ளே ஏறாது. கணக்கு ஏற வழியில்லாத ரூமுக்கு மறுநாள் துணிக்கட்டு ஒதுக்கமாட்டார்கள், அது பிவண்டியில் உள்ள கான்ட்ராக்டருக்குப் போய்விடும். போனது திரும்பி வருவது மேலிடத்தின் மனசைப் பொறுத்தது.

ஆணியில் தொங்கும் போன்

டைரக்டரி அந்தப் போனைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது. ஒரே போன், காலையிலிருந்து ராத்திரிவரை வேறு வேறு பெண்கள் மாறி மாறி உள்ளே வருகிறார்கள், போகிறார்கள். யந்திரத்தின் பார்வையில் இது திருட்டுக் கும்பல். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே தாராவிக்குப் போனேன். எனக்கும் காலையில் உடனே தூக்கம் வராது, எங்காவது நடந்தால்தான் உடம்பு ஒப்புக்கொள்ளும்.

இரும்பு ஏணி ஏறினால் தையல் ரூம். பொறுப்பில் இருப்பவர் இசக்கியம்மா, வள்ளியூர்ப் பக்கம், என் வயசுதான் இருக்கும், இஞ்ச் டேப் எப்போதும் கழுத்தில். கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு துணிப்பை, பைக்குள் போன். ஒரு கட்டு தைத்து முடித்தவள் எழுந்து வந்து போனை எடுப்பாள், தன் பெயரில் நுழைவாள், முடித்ததைக் குறிப்பாள், வெளியே வந்து மறுபடி ஆணியில் மாட்டுவாள். எத்தனையோ ஆபீஸ் பார்த்திருக்கிறேன், இவ்வளவு ஒழுங்காக லாக்-அவுட் செய்கிறவர்களை வேறெங்கும் பார்த்ததில்லை.

"இந்தப் போன் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"சிம்மு எம்பேர்ல. ஒடைஞ்ச டிஸ்ப்ளேய மாத்துனது தங்கம். கவரு பிலோமினா வாங்கிப் போட்டது. போனு எல்லாரும் சேர்ந்து எடுத்தோம்."

"ஆளுக்கு ஒண்ணுன்னு சட்டம் வருது. வீட்ல உங்களுக்குன்னு தனிப் போன் இல்லையா?"

மெஷின் முன்னால் இருந்த தங்கம் திரும்பாமலே, "இருக்கு, ஆனா அது பிள்ளைய கையில இருக்கு. வாங்குனவளுக்கு அதுல மணி பாக்கக்கூட வழியில்ல" என்றாள். ரூம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்காமல் பழைய கேள்வியையே கேட்டேன். ஓனர் என்ற இடத்தில் ஒரு பெயர் போட்டே ஆகவேண்டும், யார் பெயரைப் போட?

இசக்கியம்மா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, வாசப்படி யாருக்குச் சொந்தம்னு எவனாவது கேப்பானா? எல்லாரும் மிதிச்சுத்தான உள்ள வாரோம்!"

காற்றுக்கு ஏற்ற உயரம்

அதே விதிக்காக, ரொம்ப நாளாக யாரும் நுழையாத டிவைஸ்களையும் கழிக்கச் சொல்லியிருந்தார்கள். செத்துப்போனவர்களின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுப்பது மாதிரியான வேலை. ஆனால் கேட்காமல் எடுத்துவிட்டால், செத்தவர் எழுந்து வந்து சண்டை போடுவார். எனவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பாண்டுப் கோடவுனில் சாவந்த் என்றொருவர். அவர் லேப்டாப்பில் கடைசியாக நுழைந்தது போன வருஷ மழைக்காலத்தில். "சாவந்த் பாய், அந்த லேப்டாப் உங்களுக்கு வேண்டாமென்றால் டைரக்டரியிலிருந்து எடுத்துவிடட்டுமா?" என்று ஹிந்தியில் கேட்டேன். அவர் பதறிவிட்டார். தினமும் உபயோகத்தில் இருக்கிறதாம். காலையில் வந்தால் போகிற வரைக்கும் அது இல்லாமல் ஒரு வேலையும் ஓடாதாம்.

எனக்குக் குழப்பம். உபயோகத்தில் இருந்தால் டைரக்டரிக்குத் தெரிந்திருக்குமே. ஒருவேளை இணைப்பு கெட்டிருக்கிறதோ என்று, "இப்போது ஆன் செய்து பாருங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் எதையோ தூக்கிவைக்கிற ஓசை. பிறகு, "ஆன் எதற்கு செய்யவேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார். டேபிள் ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கிறார். மூடிய நிலையில்.

அதை எந்த வகையில் பதிவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கெஞ்சலாகச் சொன்னார்: "எடுத்துடாதீங்க முருகன் பாய், அது போச்சுன்னா காத்து கழுத்துக்குக் கீழ போயிடும்!"

நீங்கள்தானா?

மாட்டுங்கா கணக்கு ஆபீஸ் வைத்தியநாதன் சாரை எல்லாரும் வைத்தி சார் என்பார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் எந்த ரூமுக்கு எத்தனை துணிக்கட்டு என்று ஒதுக்கும் பட்டனை அழுத்துகிறவர் அவர்தான். தாராவிக்கும் சரி, பிவண்டிக்கும் சரி, அவர் விரல் பட்டால்தான் வண்டி கிளம்பும்.

யாராவது அவர் பெயரில் நுழைந்தால் அவர் போனுக்கு ஒரு கேள்வி போகும்: 'நுழைவது நீங்கள்தானா?' ஆம் என்றால் கதவு திறக்கும், இல்லை என்றால் மூடும். எல்லா ஊரிலும் இப்படித்தான். ஒரு நாள் பார்க்கிறேன், அவர் பெயரில் யாரோ எங்கோ தெரியாத ஊரிலிருந்து முயற்சி செய்கிறார்கள், இவர் ஆம் என்கிறார். மறுபடி முயற்சி, மறுபடி ஆம். நல்லவேளையாக அந்த ஆசாமி டிவைஸ் சரியில்லாமல் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ஷிஃப்ட் முடிகிறவரை பொறுத்திருந்து, அவர் காபி குடித்திருப்பார் என்ற நேரத்துக்குக் கூப்பிட்டேன்.

"சார், நீங்கள் லாகின் செய்யாதபோது அந்தக் கேள்வி வந்தால் இல்லைன்னு அழுத்தணும்."

"அதெப்படி ஓய்? கேள்வி என்ன? 'நீங்கள்தானா'ங்கறது. என் போனுக்கு வரது, என் பேரைச் சொல்லிக் கேக்கறது."

"நுழையறது நீங்கதானான்னு அர்த்தம் சார். நுழையறது வேற ஆள்."

"அவன் யாருன்னு என்னை ஏன் கேக்கறேள்? அவனைக் கேளுங்கோ."

பட்டனை எடுத்துவிட்டு, திரையில் தெரியும் எண்ணைத் தட்டினால்தான் திறக்கும் என்று மாற்றினேன். மனுஷருக்கு என் மேல் வருத்தம். போனை வைப்பதற்கு முன் சொன்னார்: "ஒருத்தன் மரியாதையா 'நீங்கள்தானா'ன்னு கேக்கறான், நான்தான்ங்கறேன். இதுல நான் சொன்ன பொய் என்னன்னு காட்டும் பார்ப்போம்."

தேதி என்றால் தேதி

விதியைக் கொண்டுவந்தவர் நேஹா மேடம், தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவர். கெட்டிக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினால் ஒருவேளை நமக்கு எளிதாக இருக்கும். அவரிடம் தாராவி ரூமைப் பற்றி மூன்று தடவை பேசினேன். ஒவ்வொரு தடவையும், "ஒரு ஆள், ஒரு டிவைஸ். இதில் என்ன கஷ்டம்?" என்பார். கஷ்டத்தைச் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி அதையே கேட்பார்.

டைரக்டரியில் பொது டிவைஸ் என்று ஒரு வகை இருக்கிறது. ஆஸ்பத்திரி வரவேற்பில், கடைக் கவுண்டரில் பலரும் தொடும் யந்திரங்களுக்கானது. அதற்கு ஓனர் கிடையாது, அந்த இடம் காலியாகவே இருக்கும். யார் வேண்டுமானாலும் தன் பெயரில் நுழையலாம், வெளியே போனதும் அவர்களுடைய சுவடு அழிந்துவிடும். தையல் ரூம் பெண்கள் ஆணியையும் துணிப்பையையும் வைத்து ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது இதைத்தான். அந்த வகையில் பதிய அனுமதி கேட்டேன். லீகல் பிரிவைக் கேட்கவேண்டும் என்றார். லீகல் வேறு யாரையோ கேட்டது. கடைசியில் கெடுவுக்கு முந்தின சாயங்காலம் நேஹா மேடம் ஒப்புதல் கொடுத்தார். நான் அனுப்பும் க்யூஆர் கோடை அந்தப் போன் ஒரு தடவை ஸ்கேன் செய்யவேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்.

"இன்னும் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தால் நல்லது மேடம்" என்றேன். காரணம் எதையும் நினைத்துக் கேட்கவில்லை, பழக்கத்தில்தான் கேட்டேன். எங்கள் துறையில் எந்தக் கெடுவுக்கும் ஒரு நாள் கூடக் கேட்டுவைப்பது வழக்கம்.

அவர் சிரித்தார். "தேதி என்றால் தேதி, முருகன் ஜி. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பஞ்சாங்கம் பார்த்து ரூல் போட முடியுமா?"

சாமியிடம் இருக்கிறது

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. லோக்கல் ரயிலின் மூக்கில்கூடச் சாமந்தி மாலை தொங்கியது. ஆனால் போனை ஆயுதம் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் க்யூஆர் கோடை இசக்கியம்மாவின் மகள் போனுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. ரூம் போனைக் கூப்பிட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. கிளம்பிப் போனேன்.

ரூமைக் கழுவிவிட்டிருந்தார்கள். மெஷின்கள் சுவர் ஓரமாக வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். நடுவில் வாழையிலை, அதில் கத்தரிகள், இஞ்ச் டேப், இஸ்திரிப் பெட்டி. அவற்றுக்கு மத்தியில் போன், தலைமாட்டில் பூவோடு. யாரோ பாசமாக வைத்த சந்தனம், சரியாகக் கேமராவின் மேல். நான் கூப்பிட்டபோது அடித்தது அதுதான். சாமிக்கு முன்னால் அடித்த போனை எல்லாரும் கைகட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

"இசக்கியம்மா, ஒரே ஒரு தடவை எடுத்து ஸ்கேன் பண்ணிட்டு மறுபடி வச்சிருங்க."

"இன்னைக்கு ஆயுதம் தொடக்கூடாதுல்லாண்ணே."

"இது போன்."

"இதுல குறிக்காம நாங்க ஒரு தையலு போடுதோமா? மெஷினு ஆயுதம்னா இதும் ஆயுதந்தான்."

கெடுவைச் சொன்னேன். பிவண்டியைச் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரியும். தங்கம் மெதுவாக, "எடுத்துக் குடுத்துருவமா அக்கா? நாளைக்கிக் கட்டு வரலன்னா பெறவு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிலோமினா பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாவின் முகத்தையே பார்த்தாள். மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் ரூம் பூஜைக்குப் பொரிகடலை அவள் பொறுப்பு.

இசக்கியம்மா இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை எடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சாய்ந்திருந்த பூவை நேராக வைத்தார். "ஆபரேசனுக்குப் போற துணிண்ணே. ஊசிமுனை ஒடைஞ்சு உள்ள நின்னா ஒருத்தரு உசுரு. வருசம் பூரா ஒண்ணும் ஆவாமப் பாத்துக்கிடுன்னு ஒரு நாளு கேக்கோம். அந்த நாளும் கைய வச்சுட்டு, நாளைக்கி எந்த மொகத்தோட கேக்க?" என்றார். என் கையில் சுண்டலைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

ஏணி இறங்கும்போது மேலிருந்து குரல் வந்தது: "சாமிக்கு ஒரு நாளு தள்ள முடியாதுண்ணே. உங்க மேடத்துக்குத் தள்ளலாம்லா? கேட்டுப் பாருங்க!"

மேடத்தின் வீட்டு லேப்டாப்

திலக் நகர் வீட்டுக்கு வந்து கெடுவை ஒரு நாள் தள்ளச் சொல்லி நேஹா மேடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இல்லை. என் லேப்டாப்புக்குப் பூஜை கிடையாது, அதற்கு ஓய்வு நாள் என்று எதுவும் எழுதப்படவில்லை. நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி மூடியின் வெளிப்பக்கம் ஒரு பொட்டு வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். எனக்கு வைக்கவில்லை.

மத்தியானம், டிங். திறந்தால் நேஹா மேடத்தின் பெயர். உள்ளே நுழைய முடியவில்லையாம். நான் கூப்பிட்டேன்.

"என் பெயர்தான், என் பாஸ்வேர்ட்தான். ஏன் என்னை உள்ளே விடவில்லை?"

"டிவைஸ் உங்களுடையது இல்லை மேடம். டைரக்டரியில் இல்லாத லேப்டாப் என்று காட்டுகிறது."

பின்னணியில் மணிச் சத்தம் கேட்டது. "இது என் ஹஸ்பெண்டுடைய லேப்டாப். என்னுடையது... என் மாமியார் பூஜையில் வைத்துவிட்டார். இன்று எங்கள் வீட்டிலும் ஆயுதங்களுக்குப் பூஜை. நாளைக் காலை வரை தொடக்கூடாது என்கிறார். எனக்கு ஒரு விதிவிலக்கு போடுங்கள்."

"போடலாம் மேடம். அதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். உங்கள் லேப்டாப்பிலிருந்து."

"எனக்கு மாற்றாக ஒப்புதல் தருவது யார்?"

"மாட்டுங்கா வைத்தியநாதன் சார்." அவரை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தேன். அவருடைய லேப்டாப் சரஸ்வதி படத்துக்குக் கீழே, இரண்டு புஸ்தகத்துக்கும் ஒரு கால்குலேட்டருக்கும் அடியில் இருந்தது. அதையும் சொன்னேன். தாராவி போன் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். சாயங்காலம் அது அடைபடும், காலையில் அந்த ரூமுக்குக் கட்டு ஒதுக்கமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். காலையில் லேப்டாப் கைக்கு வந்ததும் அதுதான் முதல் வேலை என்றார் மேடம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வைக்கப்போகும்போது மனசு கேட்காமல் சொன்னார்: "வீட்டில் ஒரு லேப்டாப்பை ரெண்டு பேர் உபயோகிப்பது சாதாரண விஷயம்தானே, முருகன் ஜி? இதுகூடவா உங்கள் டைரக்டரிக்குத் தெரியாது?"

ராகு காலம்

சாயங்காலம் விதி தன் வேலையைச் செய்தது. ஷிஃப்டுக்கு வந்து உட்கார்ந்தபோது தாராவி போனுக்கு எதிரே சிவப்புக் கோடு. சாவந்த்தின் லேப்டாப்பும் அடைபட்டிருந்தது. ஃபேன் நின்றதாகத் தகவல் இல்லை. அன்று ராத்திரி டிங் சத்தமே கிடையாது, ஊரில் பாதி யந்திரங்கள் பூவுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தன. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

விஜயதசமி, சனிக்கிழமை. ஆஸ்பத்திரிகளுக்கு லீவு கிடையாது என்பதால் எங்களுக்கும் பாதி நாள் வேலை உண்டு. வைத்தி சார் வழக்கமாக ஒன்பது மணிக்கு ஒதுக்கும் பட்டனை அழுத்திவிடுவார். அதற்குள் நேஹா மேடம் போனைத் திறந்துவிட வேண்டும், போன் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவேண்டும். மேடத்தைக் கூப்பிட்டால், லேப்டாப் கையில் இருக்கிறது, ஆனால் முகத்தை அடையாளம் காணமாட்டேன் என்கிறது என்றார். கேமராவில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றேன். மஞ்சள் இருந்தது. துடைக்கச் சொன்னேன். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ரகசியமாகச் சொன்னார். பால் பொங்கிய சத்தம் கேட்டு மாமியார் அடுக்களைக்குப் போன நேரத்தில் மேடம் துடைத்தார். பச்சைக் கோடு வந்தது. கெடு ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்டது.

தாராவியில் இன்னும் மறுபூஜை ஆகவில்லை. "பிலோமினா கற்பூரம் வாங்கப் போயிருக்காண்ணே, எல்லாரும் வந்தாத்தான் கொளுத்துவோம்" என்றார் இசக்கியம்மா, தன் மகளுடைய போனிலிருந்து. மணி ஒன்பதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வைத்தி சாரைக் கூப்பிட்டேன். கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சுவதற்கு வாய் திறப்பதற்குள் அவரே சீறினார்.

"என்ன ஓய், அலாட்மென்ட்டுக்காகக் கூப்பிடறேளா? சனிக்கிழமை, ராகு காலம். பத்தரை வரைக்கும் அதைத் தொடமாட்டேன். விஜயதசமியும் அதுவுமா முதல் வேலையை ராகு காலத்துல ஆரம்பிக்கச் சொல்றேளா? என்னை அவசரப்படுத்தாதேயும்."

"அவசரமே இல்லை சார்" என்றேன். "நிதானமா பண்ணுங்க. பதினொண்ணு ஆனாலும் பரவாயில்லை."

அவர் சந்தேகத்தோடு கேட்டார்: "பேசறது நீர்தானா?"

ஓனர் என்ற இடம்

வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளாமல் துணி துவைத்தேன். பக்கெட்டை ஜன்னலடிக்குத் தூக்கிக்கொண்டுபோய், வெளிக்கம்பியில் கட்டிய கொடியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாதி பிழிந்த சட்டையைப் பக்கெட்டிலேயே விட்டுவிட்டு ஈரக் கையோடு எடுத்தேன். இசக்கியம்மா. பின்னால் பத்துக் குரல்கள்.

"கற்பூரம் காட்டியாச்சுண்ணே. இப்ப எடுக்கலாம். சந்தனத்தத் தொடைக்கணுமா?"

"கேமரா மேல இருக்கறத மட்டும் துடைங்க. அதுக்குக் கண்ணு தெரியணும்."

"ஏட்டி தங்கம், மெதுவா தொடை. கீழ சிந்தாத." எதுவோ உரசும் ஓசை. தங்கம் விரலில் வந்த சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாளாம், அதற்கு ஒரு சிரிப்பு. மகள் போனில் இருந்த க்யூஆர் கோடை ரூம் போனுக்குக் காட்டினார்கள். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. "வெளிச்சத்துக்குக் கொண்டாட்டீ" என்று யாரோ அதட்டினார்கள். என் லேப்டாப்பைக் கட்டிலில் திறந்து வைத்திருந்தேன். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. பத்தே கால். வைத்தி சார் இந்நேரம் பஞ்சாங்கத்தை மடித்து வைத்திருப்பார்.

அப்புறம் கோடு பச்சையானது. டைரக்டரியில் புதிதாக ஒரு வரி முளைத்தது. வகை: பொது. ஓனர்: காலி.

"உள்ள போயிட்டு!" என்று கத்தினாள் தங்கம். முதலில் யார் நுழைவது என்று ஒரு சண்டை நடந்து, பிலோமினாவை நுழையச் சொன்னார்கள், கற்பூரத்துக்கு அலைந்தவள் என்பதால். கொஞ்ச நேரத்தில் வைத்தி சாரின் ஒதுக்கீடும் வந்தது. தாராவிக்கு எப்போதும் போகும் அளவு கட்டு. பிவண்டிக்கு எப்போதும் போகும் அளவு. ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு நாள்.

இசக்கியம்மா மட்டும் இணைப்பை வைக்கவில்லை. திரையில் எழுதியிருந்ததை மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓனருன்னு ஒரு எடத்துல ஒண்ணுமே போடலியாமே? எம்பேரும் இல்லியா?"

"இல்லம்மா. யார் பேரும் இருக்காது. இந்த வகைக்கு அப்படித்தான்." வருத்தப்படுவார் என்று நினைத்து, வேண்டுமானால் ரூம் பெயரை எழுதலாம் என்று சொல்லப்போனேன்.

"அப்படியே கெடக்கட்டும்ணே, அதான் நல்லது" என்றார். "பேரு போட்டா அந்தப் பேருக்காரி ஒரு நாளு 'எம்போனு'ன்னு வீட்டுக்குக் கொண்டு போயிருவா, நானா இருந்தாலும் கொண்டு போவேன்!"

ஆளையும் கருவியையும் பிரியாமல் சேர்த்துக் கட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், அந்த மாதம் ஒரு கட்டை அவிழ்த்துவிட்டதற்கும் அதே சம்பளம்தான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, பக்கெட்டில் கிடந்த சட்டையை எடுத்து மீதியையும் பிழிந்து உதறிக் கொடியில் போட்டேன்.